யூரோ நிம்ஃப் ராடும் ரீலும் ஜோடி சேர்ப்பது எப்படி: மூணாறு, மறையூர், போடி பக்கத்துப் புதியவர்களுக்கு

யூரோ நிம்ஃப் என்பது நீர்ப்பூச்சிக் குஞ்சு போலக் கட்டிய கனமான பொய்யிரையை (அதுதான் நிம்ஃப்) நீருக்கடியில் ஓடவிட்டு மீன் பிடிக்கும் ஃபிளை ஃபிஷிங் முறை. அந்த முறையில் பிடிக்க ஆசைப்பட்டு ராடு தேடுகிறீர்கள் என்றால் முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: ரீலை இப்போதே கூடையில் போடாதீர்கள். ராடு கைக்கு வந்து, அதை எடைபோட்டு, எந்த இடத்தில் விரலில் சமநிலையாக நிற்கிறது என்று பார்த்த பிறகுதான் ரீல். "காம்போ" என்று இரண்டையும் சேர்த்து விற்பதில் பெரும்பாலும் 9 அடி ராடுக்கு ஏற்ற இலேசான ரீல்தான் இருக்கும். 10 அடி, அதற்கு மேல் போன ராடில் அதைப் போட்டால் நுனி கீழே இழுத்துக்கொண்டே இருக்கும், மதியத்துக்குள் மணிக்கட்டு விட்டுப்போகும்.

இந்த முறையில் லைனைத் தூக்கி வீசுவது குறைவு. எடை வைத்த நிம்ஃபை, தண்ணீர் வரும் பக்கமாகக் கொஞ்சம் மேலே போட்டுவிட்டு, ராடை நீட்டிப் பிடித்து, நுனியை உயர்த்தி, லைன் தண்ணீரில் படாமல் நீரோட்டத்தோடு கூடவே கொண்டு வர வேண்டும். கை நாள் முழுக்க நீட்டியபடியே இருக்கும். அதனால் ராடின் மொத்த எடையைவிட அந்த எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் விஷயம். ராடு மாடல்களை மணிக்கணக்கில் ஒப்பிட்டுப் பேசுகிறார்கள், இதை மட்டும் யாரும் புதியவருக்கு எடுத்துச் சொல்வதில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

1. எந்தத் தண்ணீர், யாரிடம் அனுமதி

ராடுக்குக் காசு கட்டும் முன் இதை முடியுங்கள். நம் பக்கத்தில் ரெயின்போ டிரவுட் இருப்பது மூணாறு மேட்டுத் தண்ணீரில், ராஜமலைப் பக்கம். தண்ணீர் 20 டிகிரிக்கு மேல் சூடானாலே டிரவுட் திணற ஆரம்பித்துவிடும். மறையூர் இறங்கிப் பாம்பாற்றுக்கு வந்தால் டிரவுட்டை மறந்துவிடலாம், அங்கே கெண்டை வகைகள்தான். அவையும் நிம்ஃபை எடுக்கும், பழகுவதற்கு நல்ல மீன்.

இந்த ராஜமலைப் பக்கம் இரவிகுளம் தேசியப் பூங்கா. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி இல்லாமல் உள்ளே தூண்டிலோடு நின்றால் வழக்கு. சின்னாறு சரணாலயத்திலும் அதே கதை. பாம்பாறு அதற்குள் ஓடுகிறதே என்று சாலையோரம் வண்டியை நிறுத்திவிட்டு இறங்காதீர்கள். மூணாறில் வைல்டு லைஃப் வார்டன் அலுவலகம், எஸ்டேட் தண்ணீர் என்றால் எஸ்டேட் மேனேஜர் அலுவலகம், டிரவுட் என்றால் அதை நெடுங்காலமாகப் பார்த்து வந்த ஹை ரேஞ்ச் ஆங்லிங் அசோசியேஷன் என்று இந்த மூன்று இடத்தையும் கேட்டுவிடுங்கள். வாயால் "சரி, போங்க" என்று சொன்னால் போதாது. தேதி, இடம், கையெழுத்து போட்ட தாள் வேண்டும். ஆதார் நகல் இரண்டு, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ இரண்டு கையில் இருக்கட்டும். தமிழ்நாட்டு முகவரி இருந்தால் மூணாறில் எங்கே தங்குகிறீர்கள் என்று கேட்பார்கள், அந்த விவரத்தையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தத் தண்ணீர் என்று தெரிந்தால்தான் ராடின் நீளமும் தெரியும்.

2. ராடின் நீளமும் வெயிட்டும்

உலகம் முழுக்க இதற்கு 10 முதல் 11 அடி, 2 முதல் 4 வெயிட். வெயிட் என்பது ராடின் எடை இல்லை, அதற்கு ஏற்ற லைனின் கனத்தைக் காட்டும் எண். நடுவில் நிற்பது 10 அடி அல்லது 10 அடி 6 இஞ்ச், 3 வெயிட். முதல் ராடு 3 வெயிட்டாகவே இருக்கட்டும், மேற்கொண்டு யோசிக்க வேண்டாம். 2 வெயிட் மெல்லிய டிப்பெட்டை, அதாவது நிம்ஃபைக் கட்டும் கடைசி நரம்பைக் காப்பாற்றும், ஆனால் கனமான நிம்ஃபுக்குத் தடுமாறும். 4 வெயிட் பெரிய மீன், பெரிய ஆற்றுக்கு.

நீளத்தில் மட்டும் என் கருத்து கொஞ்சம் வேறு. வெளிநாட்டில் எழுதுகிறவர்கள் அகன்ற ஆற்றை மனதில் வைத்து 10 அடி 6, 11 அடி என்பார்கள். நம் ஓடைகள் அப்படியா? இருபக்கமும் புதர், தலைக்கு மேல் கிளை, தேயிலைச் சரிவில் ஒட்டி நிற்கும் பாறை. 11 அடி ராடைத் தூக்கினாலே ஏதாவது ஒரு கொப்பில் மாட்டும். அதனால் இங்கே 10 அடி போதும் என்பேன். ஒவ்வொரு இஞ்ச் கூடும்போதும் நுனிப்பக்க இழுப்பும் கூடும், பின்னால் அதற்குப் பதில் சொல்ல ரீலும் கனமாக வேண்டும். 10 அடியில் நின்றால் அந்தக் கணக்கும் லேசாக முடியும்.

விவரத்தில் பார்க்க வேண்டியது: நுனி மென்மை, அடிப்பகுதி உறுதி. நுனி மென்மையாக இருந்தால்தான் சின்னத் தட்டும் கைக்குத் தெரியும், மெல்லிய டிப்பெட்டும் அறாது. சாதாரண 10 அடி 5 வெயிட் ராடை "நிம்ஃபுக்கும் ஆகும்" என்று கடைக்காரர் தருவார். வேண்டாம். அதைவிடப் பெரிய பொறி, ஆன்லைனில் "10 அடி ஃபிளை ராடு" என்று மலிவாக வரும் டெலஸ்கோப் கம்பு. படத்தில் ரீல் எங்கே மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். ஃபிளை ராடில் ரீல் கைக்குக் கீழே, கம்பின் அடிமுனையில் இருக்கும். கைக்கு முன்னால் ரீல் இருந்தால் அது வேறு ஜாதி.

3. ரீல் சீட் எந்தப் பக்கம் பூட்டுகிறது

ரீல் சீட் என்பது ராடில் ரீலைப் பூட்டும் இடம். சின்ன விஷயம் மாதிரித் தெரியும், கணக்கில் பெரிய வித்தியாசம். கீழ்நோக்கிப் பூட்டும் சீட், அதாவது டவுன்லாக், ரீலைக் கம்பின் கடைசி முனைக்குத் தள்ளிவிடும். மேல்நோக்கிப் பூட்டும் சீட்டில் ரீல் சில சென்டிமீட்டர் கை பக்கமாக வந்துவிடும். வெள்ளிக்கோலில் குண்டைத் தள்ளத் தள்ள எடை மாறுகிற மாதிரி, அந்தச் சில சென்டிமீட்டரே ரீல் எடையில் ஐம்பது, எழுபது கிராமைக் கூட்டும். கணக்கு 5-ஆம் படியில். விற்பனைப் பக்கத்தில் சீட் விவரம் இல்லாவிட்டால் அடிப்பகுதியின் படத்தைக் கேட்டு வாங்குங்கள்.

4. ராடை மட்டும் வரவழைப்பது

இந்தியக் கடைகளில் 3 வெயிட் நிம்ஃப் ராடு எப்போதும் இருப்பு இருக்காது. ஃபோனில் "இருக்கு சார்" என்றால் மாடல் பெயர், நீளம், வெயிட் மூன்றும் ராடில் எழுதியிருக்கும் இடத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இல்லையென்றால் வெளியிலிருந்துதான். ஓர்விஸ், எக்கோ, கோர்ட்லேண்டு, ரெடிங்டன் இவற்றிலெல்லாம் இந்த வகை ராடு உண்டு. சீனத்து மேக்ஸ்கேட்ச் மலிவு, தொடக்கத்துக்குத் தாராளம்.

இனி காகித வேலை. மண்டை காயும் இடம் இதுதான்.

கூரியரில் வெளிநாட்டுச் சரக்கு வந்தால் கேஒய்சி கேட்பார்கள். ஆதார் அல்லது பான். ஆர்டரில் உள்ள பெயரும் அட்டையில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். நம் ஆட்களுக்கு இனிஷியல் ஒரு தொல்லை: ஆதாரில் "எஸ்" என்று ஒற்றை எழுத்து, பானில் அப்பா பெயர் முழுசாக, ஆர்டரில் இனிஷியலே இல்லை. மூன்றும் மூன்று ஆள் என்று சிஸ்டம் நினைத்துக்கொள்ளும், பெட்டி விமான நிலையத்தில் தூங்கும், தாமதக் கட்டணம் ஏறும். எந்த அட்டையைக் கொடுக்கப் போகிறீர்களோ, அதில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து ஆர்டர் போடுங்கள்.

முன்கூட்டியே ஒரே ஃபோல்டரில் வைத்துக்கொள்ள வேண்டியவை: இன்வாய்ஸ், பணம் கட்டியதற்கான வங்கி ஸ்டேட்மெண்டு அல்லது கார்டு ரசீது, அந்தப் பொருளின் விற்பனைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், அடையாள அட்டை. சுங்கத்தில் மதிப்பைச் சந்தேகப்பட்டால் இந்த நான்கையும்தான் கேட்பார்கள்.

வரி பொருளின் விலைக்கு மட்டும் இல்லை. அனுப்பும் செலவு, இன்சூரன்ஸ் இரண்டையும் சேர்த்த தொகைக்கு மேல் சுங்கம், அதற்கும் மேல் ஐஜிஎஸ்டி. சொந்த உபயோக இறக்குமதியின் விகிதம் பட்ஜெட்டில் மாறுவது வழக்கம், அதனால் ஆர்டர் போடும் வாரத்தில் கூரியர்காரரிடம் மதிப்பீடு கேளுங்கள். "கிஃப்ட் என்று எழுதி அனுப்பச் சொல்லு, வரி இல்லை" என்று யாராவது யோசனை சொன்னால் அது பழைய காலத்துப் பேச்சு. அந்தச் சலுகை 2019 டிசம்பரோடு போய்விட்டது. விலையைக் குறைத்து எழுதச் சொல்வதும் வேண்டாம், மாட்டினால் அபராதம் ராடு விலையைத் தின்றுவிடும்.

நம் எல்லைப் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருப்பார்கள். அந்த மாமாவோ மச்சானோ லீவில் வரும்போது கொண்டுவந்தால் அவருடைய பேகேஜ் சலுகைக்குள் அடங்கிவிடலாம். 2016 விதிகளில் அது ரூ.50,000-ஆக இருந்தது. இப்போதைய வரம்பை அவர் பயணத்துக்கு முன் பார்த்துக்கொள்ளட்டும். அவர் ஏற்கெனவே வேறு சாமான்களால் சலுகையை நிரப்பியிருந்தால் உங்கள் ராடுக்கு இடம் இருக்காது, கேட்டுவிட்டு வாங்கச் சொல்லுங்கள். இன்னொன்று, நான்கு துண்டாகப் பிரியும் 10 அடி ராடின் குழாய் கிட்டத்தட்ட 80 செ.மீ. வரும். கேபின் பையில் அடங்காது. பெரிய சூட்கேஸில் மூலைக்கு மூலை வைத்தால்தான் ஏதோ நுழையும், சில சூட்கேஸில் அதுவும் நடக்காது. அளந்துவிட்டுச் சொல்லுங்கள். கடைசி நேரத்தில் குழாயை வெளியே எடுத்துத் துணியில் சுற்றிப் போட்டால் நுனி முறிந்துதான் வரும்.

டெலிவரி முகவரிக்கு எஸ்டேட் லயன் வீட்டைக் கொடுக்காதீர்கள். மேலே வண்டி வராது, "வீட்டில் ஆள் இல்லை" என்று எழுதித் திருப்பிவிடுவார்கள். மூணாறு டவுனிலோ போடியிலோ உடுமலையிலோ தெரிந்த கடை முகவரி நல்லது. பெட்டி பிரிக்கும்போது மேல் ஒட்டைப் பிரிப்பதிலிருந்து கடைசித் துண்டு வரை ஒரே வீடியோவாக எடுங்கள். நுனித்துண்டை வெளிச்சத்தில் உருட்டிப் பாருங்கள், வளையங்கள் ஒரே கோட்டில் இருக்கிறதா, வார்னிஷில் கீறல் உண்டா என்று. வாரண்டி பதிவுக்கு அந்த இன்வாய்ஸ் வேண்டும், தூக்கிப்போட்டுவிடாதீர்கள்.

5. நாணயம் கட்டிப் பார்ப்பது

ராடு வந்துவிட்டது. இனி ரீல் எத்தனை கிராம் என்று கண்டுபிடிக்க வேண்டும். தேவையானவை: சமையலறை டிஜிட்டல் தராசு, அளவு டேப், செல்லோ டேப், பத்து ரூபாய் நாணயங்கள் கொஞ்சம், ஒரு சின்னத் துணிப்பை. தமிழ்நாட்டுப் பக்கம் பத்து ரூபாய் நாணயத்தை வாங்கத் தயங்கும் கடைகள் இருக்கின்றனவே, வீட்டில் சேர்ந்து கிடப்பதற்கு இதாவது ஒரு உபயோகம்.

ராடைப் பூட்டுங்கள். மீன் பிடிப்பது போல் கார்க் பிடியைப் பிடித்து, ஆள்காட்டி விரல் எங்கே படுகிறதோ அங்கே ஒரு டேப் ஒட்டுங்கள். அநேகமாக கார்க்கின் முன்முனைப் பக்கம் வரும். அதுதான் தாங்குமிடம். ரீல், லைன், லீடர் (லைன் முனையில் கட்டும் நரம்பு) எல்லாம் மாட்டிய பிறகு ராடு இந்த இடத்தில் ஒற்றை விரலில் நிற்க வேண்டும்.

பிறகு ரீல் இல்லாத ராடை ஒரு விரலில் வைத்து எங்கே நிற்கிறது என்று பாருங்கள். டேப்புக்கு நன்றாக முன்னால் இருக்கும். இந்த இரண்டு புள்ளிக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்துகொள்ளுங்கள், அது முன்தூரம். அடுத்து டேப்பிலிருந்து ரீல் சீட்டின் நடுப்பகுதி வரை பின்னோக்கி அளந்துகொள்ளுங்கள், அது பின்தூரம். ராடை எடைபோடுங்கள்.

ராடின் எடையை முன்தூரத்தால் பெருக்கி, பின்தூரத்தால் வகுத்தால் ரீல் பக்கம் இருக்க வேண்டிய எடை. உதாரணமாக ராடு 90 கிராம், முன்தூரம் 48 செ.மீ., பின்தூரம் 22 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 90 × 48 = 4,320. அதை 22-ஆல் வகுத்தால் சுமார் 196 கிராம். அதே ராடில் மேல்நோக்கிப் பூட்டும் சீட் இருந்து பின்தூரம் 16 செ.மீ. ஆகிவிட்டால் 270 கிராம் வேண்டும். 3-ஆம் படியில் சீட்டைப் பற்றி ஏன் அவ்வளவு வற்புறுத்தினேன் என்பது இப்போது புரிந்திருக்கும்.

கணக்கோடு நிற்க வேண்டாம், கட்டிப் பாருங்கள். பத்து ரூபாய் நாணயம் ஒன்று சுமார் 7.7 கிராம். 25 நாணயத்தைப் பையில் போட்டு ரீல் உட்காரும் இடத்தில் ரப்பர் பேண்டு போட்டுத் தொங்கவிடுங்கள். ராடை டேப் இடத்தில் விரலில் வையுங்கள். நுனி இறங்கினால் ஒரு நாணயம் சேருங்கள், அடி இறங்கினால் ஒன்று எடுங்கள். நின்றவுடன் பையை தராசில் வைத்து எடையை எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் கட்டியபடியே ராடைக் கையில் எடுத்து, நுனியை உயர்த்தி, கையை நீட்டி கால்மணி நேரம் நில்லுங்கள். மாடியில் நின்று செய்தால் பக்கத்து வீட்டார் என்னமோ நினைப்பார்கள், பரவாயில்லை. விரல் பிடியை இறுக்காமலே ராடு நின்றால் அதுதான் உங்கள் எடை.

ஒரு எச்சரிக்கை. விடை 250 கிராமைத் தாண்டினால் ரீலைத் தேடாதீர்கள், தப்பு ராடில் இருக்கிறது. சமநிலை கிடைக்கும், ஆனால் மொத்தமாகத் தூக்குவது கனத்துவிடும். முடிந்தால் ராடை மாற்றுங்கள். முடியாவிட்டால் கொஞ்சம் நுனிக்கனத்தோடு வாழலாம், பத்து இருபது கிராம் குறைந்தாலும் பெரிய பாதகம் இல்லை. கிராம் பார்த்து உயிரை விட வேண்டியதில்லை.

6. ரீல்

கண்டுபிடித்த எடையில் லைனும், அதற்கு அடியில் ரீலில் சுற்றும் பேக்கிங் நூலும் அடக்கம். மெல்லிய லைன் என்பதால் இரண்டும் சேர்ந்து அதிகம் வராது, இருபது முப்பது கிராம் கழித்துக்கொள்ளுங்கள். நம் உதாரணத்துக்கு 165, 175 கிராம் ரீல் தேட வேண்டும். 3 வெயிட் என்று எழுதிய ரீல்கள் பெரும்பாலும் இதைவிட இலேசு, அதனால் 5 அல்லது 6 வெயிட்டுக்கான ரீலைப் பார்க்க நேரும். பெட்டியில் எழுதிய எண்ணைக் கண்டுகொள்ளாதீர்கள், கிராமைப் பாருங்கள். விற்பனையாளர் அவுன்ஸில் எழுதியிருந்தால் 28.35-ஆல் பெருக்குங்கள்: 6 அவுன்ஸ் 170 கிராம். "அல்ட்ரா லைட்" என்று அதிக விலைக்கு விற்பதை இந்த வேலைக்கு வாங்குவது காசைக் கரியாக்குவது.

எடைக்கு அடுத்து மிக முக்கியம், முழுக்கூடு. லைன் சுற்றும் உருளையான ஸ்பூலைச் சுற்றி இருபுறமும் சட்டம் மூடியிருக்க வேண்டும். பாதிக்கூடு ரீலில் ஸ்பூலுக்கும் சட்டத்துக்கும் இடையே ஒரு இடுக்கு வெளியே திறந்திருக்கும், யூரோ லைனும் லீடர் நரம்பும் நைசாக அதற்குள் நழுவி அச்சில் சுற்றிக்கொள்ளும். கடையில் வாங்கினால் ஒரு துண்டு தங்கூசி நரம்பை கையோடு கொண்டுபோய் அந்த இடுக்கில் நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

டிராக், அதாவது மீன் இழுக்கும்போது ஸ்பூலைப் பிடிக்கும் பிரேக், முரட்டுத்தனமாக இருக்கத் தேவையில்லை, ஆனால் இழுத்ததும் திணறாமல் வழிய வேண்டும். மெல்லிய டிப்பெட் முதல் இழுப்பில்தான் அறும். இடக்கை, வலக்கை மாற்றும் வசதி உண்டா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

7. எடை போதாவிட்டால்

பிடித்த ரீல் இருபது முப்பது கிராம் குறைவாக இருந்தால் அதற்கு மருந்து உண்டு. பேக்கிங்குக்கு அடியில் ஈயம் உள்ளே ஓடும் லெட்கோர் நரம்பைச் சுற்றலாம், அல்லது ஈயத்தகட்டு டேப்பை ஸ்பூல் அச்சில் சீராகச் சுற்றி, மேலே பேக்கிங் சுற்றலாம். ஒரே பக்கம் ஒட்டினால் ரீல் சுழலும்போது உதறும். சில ராடுகளில் அடிமுனையில் எடை திருகும் வசதி இருக்கும், அது ரீலுக்கும் பின்னால் என்பதால் குறைந்த எடையே போதும். ஈயத்தைத் தொட்டால் கை கழுவிவிட்டுத்தான் சோறு.

8. லைனும் லீடரும், சுருக்கமாக

யூரோ நிம்ஃப் லைன் என்று கேட்டால் 0.55 மி.மீ. தடிமன் உள்ளது வரும். அதற்கு முன்னால் நரம்பு லீடர், பிறகு கண்ணுக்குத் தெரியும் இரண்டு வண்ண சைட்டர் ஒன்றரை அடி, சின்ன டிப்பெட் வளையம், அதன் கீழ் ஃபுளோரோகார்பன் டிப்பெட் 5எக்ஸ் அல்லது 6எக்ஸ். தொடக்கத்தில் 5எக்ஸ், அதாவது சுமார் 0.15 மி.மீ., போதும். நம் பாறைகளில் மெல்லியது நிற்காது. நிம்ஃப்களில் டங்ஸ்டன் மணி 2.5 முதல் 3.5 மி.மீ. வரை, முள் அளவு 14, 16. முள்ளின் உள்பக்கம் எதிர்நோக்கி நிற்கும் சின்ன முனையை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள், மீனை விடுவதும் எளிது, சட்டையில் குத்தினால் எடுப்பதும் எளிது.

9. செலவும் காலமும்

தொடக்க நிலை ராடு வெளிநாட்டில் 150 டாலர் பக்கம், ரூபாயில் கிட்டத்தட்ட ரூ.13,000. ரீல் அதில் பாதி. அதன்மேல் அனுப்பும் செலவு, வரி. லைன், டிப்பெட், நிம்ஃப் எல்லாம் தனித்தனியாக வாங்கினால் ஒவ்வொரு பெட்டிக்கும் கூரியர் கட்டணம் தனி, அதனால் ராடு முதல் பெட்டி, நாணய வேலை முடிந்ததும் ரீல், லைன், நிம்ஃப் எல்லாம் சேர்ந்து இரண்டாவது பெட்டி. இரண்டு பெட்டி என்பதால் காலம் கூடும், அதைக் கணக்கில் வையுங்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை மூணாறு மழையில் ஓடை கலங்கிப் பொங்கும், இறங்க முடியாது. ஆகையால் ஆகஸ்டில் ராடு ஆர்டர் போட்டால் பண்டிகைக் கூட்டத்துக்கு முன் கையில் வரும், அக்டோபரில் ரீல், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து டிசம்பர் கடைசியில் தண்ணீர் தெளியும்போது தயாராக நிற்கலாம். பிப்ரவரி, மார்ச் வாக்கில் வரையாடு குட்டி போடும் காலம் என்று இரவிகுளத்தை மூடுவார்கள், ராஜமலைப் பக்கத்து அனுமதிக்கு அதற்கு முன்பே அலைய வேண்டும். உடுமலையிலிருந்து வருபவர்கள் திரும்பும்போது சின்னாறு செக்போஸ்ட்டை வெளிச்சம் இருக்கும்போதே தாண்டிவிடுங்கள். அது யானை நடக்கும் ரோடு.

10. முதல் நாள் தண்ணீரில்

ராடைப் பூட்டும்போது துண்டுகளைத் திருகி இறுக்குங்கள், மூட்டில் இடைவெளி இருந்தால் சிறு தட்டு எல்லாம் அங்கேயே செத்துவிடும். லைன், லீடர், நிம்ஃப் எல்லாம் மாட்டிய பிறகு டேப் இடத்தில் ஒருமுறை விரலில் வைத்துப் பாருங்கள். கால்வாசி நாள் போன பின் பிடி தானாக முன்னால் நகர்ந்திருந்தால் நுனி இன்னும் கனம் என்று அர்த்தம், ஈயத்தகடு ஒரு சுற்று கூட வேண்டும். பிடி பின்னால் நகர்ந்தால் ஒரு சுற்றைக் குறையுங்கள். டேப்பை அதுவரை பிய்க்காதீர்கள்.